ஃபைபர் போட்டை டிரெய்லரில் இழுத்துப் போகிறவர்களுக்கு

நெல் மூட்டை ஏற்றி டிராக்டர் ஓட்டியவனுக்குப் படகு எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் நானும் ஜீப்பில் மாட்டினேன். மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும். படகில் எஞ்சின் பின்னால் தொங்குகிறது, வலையும் டீசல் கேனும் அங்கேயே கிடந்தால் கனம் முழுக்கப் பின்னுக்குப் போய்விடும். கொக்கியின் மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அழுந்த வேண்டும், 800 கிலோ என்றால் 80. கிளம்பும் முன் கொக்கிப் பக்கத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். சுலபமாக எழும்பினால் படகை அணியத்துப் பக்கம், அதாவது முன்னால் தள்ளிக் கட்டுங்கள். இல்லையென்றால் ஐம்பதைத் தாண்டி ஒரு பஸ் உரசிக்கொண்டு முந்தும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். அப்போது கால் தானாக பிரேக்குக்குப் போகும், போகக் கூடாது. ஸ்டியரிங்கை வெட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள், வேகம் குறையக் குறைய அடங்கிவிடும்.

அடுத்தது பேரிங். வேளாங்கண்ணியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேதாரண்யம் பக்கம் ஓட்டி வந்து, ஹப் (பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கர நடுப்பகுதி) கொதிக்கிற சூட்டோடு டிரெய்லரை உப்புத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, துரு பிடித்து, நாலு நடைக்குள் பேரிங் போய்விடும். திருப்பூண்டி தாண்டி ஒரு நாள் ஊளைச் சத்தம் கேட்டது, காத்து என்று விட்டுவிட்டேன். கருகிய நாற்றம் வந்து இறங்கிப் பார்த்தால் இடது சக்கரம் சாய்ந்து நிற்கிறது. இப்போதெல்லாம் 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஹப்பில் கை வைத்துப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் மேலே போகாதீர்கள். கடலில் இறக்கும் முன் அரை மணி நேரம் ஆறவிட்டு டீ குடியுங்கள், ஏற்றிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நம்ம ஊர் ரோட்டுக்கென்று தனி ஆபத்து உண்டு. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள், ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும், கல் கண்ணுக்கே தெரியாது. ஜீப் சக்கரம் ஒதுங்கிப் போய்விடும், அதைவிட அகலமான டிரெய்லர் சக்கரம் நேராக ஏறும். வைக்கோல் கிடந்தால் அச்சில் சுற்றிக்கொள்ளும், பனி இறங்கினால் வழுக்கும். என்னைக் கேட்டால் தை, மாசியில் இருட்டிய பிறகு படகோடு கிளம்பவே வேண்டாம்.

வாய்க்கால் பாலங்கள் குறுகல், இறங்கியதும் வளைவு. டிரெய்லர் எப்போதும் உள்பக்கமாக வெட்டும், அதனால் அகலமாக வாங்கித் திரும்புங்கள், ஒரு ஆளை இறக்கி மதகுச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேடான பாலத்தில் எஞ்சினின் கீழ்நுனி ரோட்டில் இடிக்கும், தூக்கி விட்டு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும், அதனால் படகைக் கட்ட பெல்ட் போடுங்கள், போட்டாலும் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்குங்கள்.

ஐப்பசி மழையில் போனால் படகின் அடி அடைப்பானைக் கழற்றி விடுங்கள். இருபது குடம் தண்ணீர் தேங்கினால் முன்னூறு கிலோ, அதுவும் பின்னுக்குத்தான் ஓடும். அப்புறம், இறக்கும் முன் அடைப்பானைத் திரும்பப் போடுங்கள். கோடியக்கரையில் நான் மறந்துபோய், மூன்று பேர் வாளியால் இறைத்தோம்.