வரவேற்பதாக நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடும் தவறுகள்

காகித மடிப்புக் கலைக்கான இணையக் குழுக்களில் புதிதாகப் பொறுப்பேற்கும் நெறியாளர்கள், ஆங்கிலம் அறியாத உறுப்பினர்களை வரவேற்கும்போது, முன்பு எங்கள் தலைமுறை நெறியாளர்கள் செய்த அதே தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறருடைய ஆங்கிலத்தைக் கேலி செய்யக் கூடாது, நாட்டை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது என்பனவற்றை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளைத்தான் பேச வேண்டியிருக்கிறது. அவற்றை எவரும் தட்டிக்கேட்பதில்லை.

படம் இருக்க, விளக்கம் கேட்பது

இந்தக் கலைக்கென்று ஒரு பொதுமொழி ஏற்கெனவே இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1950களில் செம்மைப்படுத்திய குறியீட்டு முறையை, 1960களின் தொடக்கத்தில் மடிப்புக்கலை நூலாசிரியர்களான சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் எடுத்தாண்டு விரிவாக்கினார்கள். உள்நோக்கிய மடிப்புக்குச் சிறுகோடுகள், வெளிநோக்கிய மடிப்புக்குக் கோடும் புள்ளியும் கலந்த வரி, தாளைத் திருப்பிப் போடுவதற்குச் சுழி அம்பு என்று எல்லாம் அதில் உண்டு. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்கள் ஜப்பானிய நூல்களை வைத்துக்கொண்டு மடித்துவருவது இதனால்தான்.

இவ்வளவும் கைவசம் இருந்தும், ஒரு புதியவர் பாதி மடித்த தாளின் படத்தைப் போட்டு அதன் கீழே ‘14?’ என்று மட்டும் எழுதினால், விவரம் போதவில்லை என்று நெறியாளர் அதை நீக்கிவிடுகிறார். எந்தப் படியில் நிற்கிறார், தாள் எந்த நிலையில் இருக்கிறது, வண்ணப் பக்கம் எந்தப் புறம் உள்ளது ஆகிய மூன்றையும் அந்த எண்ணும் படமும் சொல்லிவிடுகின்றன. பதினான்காம் படியில் பை போன்ற மடல் ஒன்றைத் திறந்து அமுக்க வேண்டியிருந்தால், அதைப் பத்தி பத்தியாக விளக்குவதால் பயன் இல்லை. மடலுக்குள் விரலை நுழைத்து, அது பாதி திறந்திருக்கும் நிலையில் ஒரு படம் எடுத்து, அமுக்க வேண்டிய திசையை அம்புக்குறியால் காட்டினால் போதும். தொடக்க நிலையையும் முடிந்த நிலையையும் மட்டும் காட்டுவது அவருக்கு உதவாது; அவர் தடுமாறுவது இரண்டுக்கும் நடுவில்தான்.

தனி அறை கட்டிக்கொடுப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். நான் நன்கறிந்த ஒரு குழுவில் ஸ்பானிய மொழி பேசுவோர் பெருகியபோது, அவர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்றைக் கைதட்டலோடு திறந்தார்கள். முதல் சில வாரங்கள் அங்கே நல்ல கலகலப்பு இருந்தது. ஆனால் அனுபவம் மிக்கவர்கள் அனைவரும் பொதுப் பிரிவிலேயே இருந்ததால், தனிப் பிரிவில் எழுந்த கடினமான ஐயங்களுக்கு விடை சொல்ல ஆள் இல்லை. இரு மொழியும் அறிந்த ஒரே ஒரு பெண்மணி, அங்கிருந்து கேள்விகளை எடுத்துவந்து பொதுப் பிரிவில் கேட்பதும், கிடைத்த விடையை மீண்டும் மொழிபெயர்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், இடையிடையே மூண்ட சச்சரவுகளைத் தீர்ப்பதுமாக இருந்தார். தமக்காக ஒரு தாளை மடிக்கக்கூட அவருக்கு நேரம் இல்லாமற்போனது. ஒருநாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் விலகினார். அதோடு இரு பிரிவுகளுக்கும் இடையிலிருந்த போக்குவரத்தும் நின்றது.

அதன்பின் நடந்ததுதான் மோசம். விற்பனையில் இருக்கும் நூல்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து பகிர்வது இத்துறையில் கடுமையாகத் தடைசெய்யப்பட்ட செயல். வரைபடங்களை விற்றுத்தான் பல வடிவமைப்பாளர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். தனிப் பிரிவில் அத்தகைய பக்கங்கள் மாதக்கணக்கில் பகிரப்பட்டு வந்தன. அங்கே எழுதப்பட்டதைப் படிக்கத் தெரிந்த நெறியாளர் ஒருவரும் இல்லாததால், நூலின் ஆசிரியரே முறையிடும் வரை அது எவர் கண்ணிலும் படவில்லை. முறையீடு வந்ததும், விசாரணை ஏதுமின்றி அந்தப் பிரிவையே மூடி, அதில் எழுதியவர்கள் பலரையும் சேர்த்து வெளியேற்றினார்கள். தடை பற்றிய விதி ஆங்கிலத்தில் மட்டுமே, அதுவும் வழக்கறிஞர் எழுதியது போன்ற நடையில் இருந்ததை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. வெளியேற்றப்பட்டவர்களுள் ஒரே தாளில் பின்னல் போன்ற வடிவங்களைத் தாமே வகுத்துக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார். அவருடைய படைப்புகளைப் பொதுப் பிரிவில் இருந்தவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இன்று கேட்டால், ‘அவர்கள் எங்களோடு கலக்கவே இல்லை’ என்கிறார்கள். கதவைச் சாத்தியது யார் என்பது அவர்களுக்கு நினைவில்லை போலும்.

அரட்டைக்கும் நட்புக்கும் தனிப் பிரிவு இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. மடிப்பு பற்றிய கேள்விகள் மட்டும், அவை எந்த மொழியில் இருந்தாலும், பொதுப் பிரிவிலேயே கேட்கப்பட வேண்டும். கேட்பவர் தம் மொழியில் எழுதி, அதன் கீழே இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டி, படத்தையும் படி எண்ணையும் சேர்த்தால் விடை சொல்ல வல்லவரின் கண்ணில் அது படும். மூல வரிகளை நீக்கச் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பு சறுக்கும் இடத்தில் அம்மொழி அறிந்த வேறொருவர் மூலத்தைப் பார்த்துத் திருத்துவார். விதிகளை ஐந்தாறு எளிய வரிகளாகச் சுருக்கி, உறுப்பினர்கள் பேசும் மொழிகள் அனைத்திலும் வையுங்கள். மொழிபெயர்க்கும் பொறுப்பை ஒருவர் தலையிலேயே கட்டாமல், ஒரு மொழிக்கு இருவரையாவது அமர்த்தி முறை வைத்துக்கொள்ளுங்கள். இருமொழி அறிந்தவரும் மடிப்பதற்காகத்தான் குழுவில் சேர்ந்திருக்கிறார்.

பிழைதிருத்தம்

அவர்களுடைய ஆங்கிலப் பிழைகளை, அவர்களே கேட்டாலன்றித் திருத்தாதீர்கள்.

இயந்திரத்தின் தொனியை ஆளின் தொனியாகக் கொள்வது

2016இன் இறுதியில் கூகுள் மொழிபெயர்ப்பு நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறத் தொடங்கியதிலிருந்து இத்தகைய மொழிபெயர்ப்புகள் சரளமாகிவிட்டன. சிக்கலும் அந்தச் சரளத்தில்தான் இருக்கிறது. தட்டுத்தடுமாறிய வாக்கியமாக இருந்தால் இயந்திரத்தின் வேலை என்று பொறுத்துக்கொள்வோம். வழவழப்பான வாக்கியத்தில் பணிவு மட்டும் உதிர்ந்து போயிருந்தால், எழுதியவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மரியாதையை வினைச்சொல்லின் விகுதியிலேயே வைத்திருக்கும் மொழிகளில் வேண்டுகோளாக இருந்தது, ஆங்கிலத்துக்கு வரும்போது வெறும் ஏவலாக நிற்பதுண்டு. ஒரே ஒரு வரியை வைத்து எவரையும் எச்சரிக்காதீர்கள்.

நீங்கள் எழுதும்போதும் இயந்திரத்தை நினைவில் கொள்ளுங்கள். குறுகிய வாக்கியங்கள் நன்றாக மொழிபெயரும். குழுவுக்குள் மட்டும் புழங்கும் சுருக்கெழுத்துகளும் கிண்டலும் மொழிபெயரா. அறிவிப்பைப் படத்துக்குள் எழுதி வெளியிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். படத்தில் உள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இருந்தாலும், சாதாரண எழுத்தை நகலெடுத்து மொழிபெயர்ப்பதைவிட அது கூடுதல் வேலை.

தேதியும் நேரமும்

03/04 என்பது சிலருக்கு மார்ச் 4, வேறு சிலருக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தால் எழுதி, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தையும் சேருங்கள்.

நேரலையில் ‘புரிந்ததா?’ என்று கேட்பது

சேர்ந்து மடிக்கும் நேரலை அமர்வுகளில் கற்பிப்பவர் முகத்தைக் காட்டிக்கொண்டே ‘இந்த ஓரத்தை அந்த மூலைக்குக் கொண்டுவாருங்கள்’ என்று பேசிச் செல்வார். மொழி அறியாதவருக்கு அந்த ஓரமும் தெரியாது, அந்த மூலையும் தெரியாது. கேமராவைக் கைகளுக்கு நேர் மேலே பொருத்துங்கள். இரு பக்கமும் வேறு வேறு நிறம் கொண்ட பெரிய தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் எண் எழுதிய அட்டையைக் காட்டுங்கள். புரிந்ததா என்று கேட்டால் அனைவரும் தலையாட்டுவார்கள். பாதி பேர் கேள்வியே விளங்காமல் ஆட்டுவார்கள். அதற்குப் பதிலாக, நான்கைந்து படிகளுக்கு ஒருமுறை நிறுத்தி, உங்கள் தாளைத் தூக்கிக் காட்டி, அவர்களையும் காட்டச் சொல்லிச் சைகை செய்யுங்கள். ஒருவருடைய தாள் மாறுபட்டிருந்தால், அவரைத் தனியே நிறுத்திப் பேசாமல், எல்லோருக்குமாக முந்தைய எண் அட்டையைத் தூக்கி அந்தப் படியை மீண்டும் மடியுங்கள்.