டப்பாவின் பெயரைப் பார்த்து டிஸ்க் வாங்காதீர்கள்

போன மாதம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு பையன் என் கடைக்கு வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிறவன்; அவன் கேமராவின் விலைக்கு நான் ஒரு வண்டி வாங்கிவிடலாம். அவனுடைய ஹார்ட் டிஸ்க் ஒன்று திடீரென்று செத்துப்போய், நாலு கல்யாணம் அதோடு போயிருந்தது. இனிமேல் முடித்த வேலையை எல்லாம் டிவிடி டிஸ்கிலும் அடித்து வைப்பது என்று முடிவு செய்து, ஆன்லைனில் ஒரு குட்டி யுஎஸ்பி ரைட்டரும் 100 பீஸ் பிளாங்க் டிவிடி டப்பாவும் வாங்கியிருந்தான். "ஆஃபர்ல கிடைச்சுச்சுண்ணே" என்று டப்பாவை மேசை மேல் வைத்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் கடை போட்ட புதிதில் நான் செய்ததை அவன் அப்படியே செய்துகொண்டிருக்கிறான்.

இன்னுமா டிஸ்க் என்று கேட்காதீர்கள். கோர்ட்டுக்குக் கொடுக்க வக்கீல்கள் சிடி கேட்கிறார்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள், வீட்டில் இருக்கும் அப்பத்தா பார்க்க டிவிடி கேட்கிறார்கள். இந்தப் பையனைப் போல ஹார்ட் டிஸ்கில் அடிபட்டவர்களும் வருகிறார்கள். பளபளப்பான பக்கத்தைத் தொடாதே, தட்டு சுற்றும்போது மேசையை ஆட்டாதே என்பதை எல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

ப்ளஸ்ஸா மைனஸா என்று மண்டையை உடைப்பது

பிளாங்க் டிவிடியில் ப்ளஸ் ஆர், மைனஸ் ஆர் என்று இரண்டு வகை. எது நல்லது என்பது செத்துப்போன சண்டை. டிவிடி மைனஸ் ஆர் முதலில் வந்தது. 1997இல் பயனியர் கொண்டுவந்தது. பிலிப்ஸ், சோனி, எச்பி, ரிக்கோ எல்லாம் தனியாகக் கூட்டணி சேர்ந்து 2002இல் ப்ளஸ் ஆர் டிஸ்கை இறக்கின. நடுவில் பானசோனிக் பக்கத்திலிருந்து டிவிடி ராம் என்று மூன்றாவது ஒன்று. லட்சம் தடவை அழித்து எழுதலாம், ஆனால் வீட்டு ப்ளேயர் பலவற்றில் ஓடாது. அந்தக் காலத்தில் மைனஸ் மட்டும் எழுதும் ரைட்டரை வாங்கிவிட்டு ப்ளஸ் டப்பாவோடு முழித்தவர்களில் நானும் ஒருவன். 2002 கடைசியிலேயே சோனி இரண்டையும் எழுதும் ரைட்டரை விட்டது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எதுவும் இரண்டையும் எழுதும்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய ப்ளேயர்கள் சில ப்ளஸ் டிஸ்கை அடையாளம் தெரியாமல் துப்பிவிடும். ப்ளஸ் ஆர் டிஸ்கில் எழுதும்போது, "நான் கம்பெனியில் அச்சடித்த டிவிடி ராம்" என்று அது பொய் சொல்லும்படி, மன்னிக்கவும், டிவிடி ரோம் என்று பொய் சொல்லும்படி புக் டைப்பை, அதாவது டிஸ்கின் வகையைச் சொல்லும் குறிப்பை, மாற்றி வைக்க முடியும். ரைட்டர் அதற்கு இடம் கொடுத்தால் ப்ளஸ். இல்லாவிட்டால் அப்பத்தா வீட்டுக்கு மைனஸ். அவ்வளவுதான்.

டப்பாவின் பெயரை நம்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

2007 மே மாதம் கீழக்கரையில் ஒரு நிக்காஹ். ஐந்து மினி டிவி (DV) கேமரா டேப், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மணி நேரத்துக்கு 13 ஜிபி வீதம் கம்ப்யூட்டரில் இறக்கினால் 65 ஜிபி ஆகும். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். எடிட் முடிந்ததும் அழித்தால்தான் அடுத்த கல்யாணத்தை ஏற்ற முடியும். டேப் விலையும் கையைக் கடிக்கும் என்பதால் அதையும் அடுத்த வேலைக்கே எடுத்துக்கொள்வேன். ஆக, டிவிடி எழுதி முடித்த அன்றோடு அந்தக் கல்யாணத்துக்கு டிவிடியைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

வழக்கமாக வாங்கும் டிஸ்கைவிடப் பீசுக்கு நாலு ரூபாய் குறைவு என்று மதுரையில் ஒரு மொத்தக் கடைக்காரர் 100 பீஸ் டப்பா கொடுத்தார். மேலே தெரிந்த பெயர்தான் அச்சாகியிருந்தது. நானூறு ரூபாய் மிச்சம் என்று பஸ் ஏறி வந்தேன். இருபது காப்பி அடித்தேன், எனக்கென்று வைத்துக்கொண்ட மாஸ்டரையும் அதே டப்பாவில் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் "வெற்றிகரமாக முடிந்தது" என்று மணி அடித்துச் சொன்னது. ஒன்றை ப்ளேயரில் போட்டு முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் பெண்ணின் அண்ணன் வந்தார். "தம்பி, வாப்பா துஆ கேக்குற இடத்துல படம் கட்டம் கட்டமா உடையுது, அப்புறம் நின்னுருது. இன்னொரு காப்பி போட்டுத் தாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்த வாப்பா ரமலானுக்கு முன்னால் காலமாகியிருந்தார் என்பதைப் பிறகுதான் சொன்னார். மாஸ்டரை எடுத்துப் போட்டேன். அதுவும் சுமார் அதே இடத்தில் நின்றது.

ஏன் கடைசிப் பகுதி மட்டும் போகிறது? டிவிடியில் எழுத்து உள் வளையத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகும். படத்தின் முடிவு விளிம்பில் இருக்கும். 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தட்டு இரண்டை ஒட்டி, நடுவே சாயப் பூச்சும் வெள்ளிப் பூச்சும் வைத்துத்தான் டிவிடி செய்கிறார்கள். மட்டமான சரக்கில் சாயம் விளிம்பில் சீராகப் பரவியிருக்காது, ஒட்டும் சரியாக இருக்காது. உப்புக் காற்றும் ஈரமும் நுழைகிற வாசல் அதே விளிம்புதான். நம் கரையில் இரும்புக் கதவே எத்தனை வருஷம் தாங்குகிறது என்று பார்க்கிறோமே.

சரி, முதல் நாள் ஏன் நன்றாக ஓடியது? டிஸ்கில் பிழை இருந்தாலும் ப்ளேயர் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். தகவலை எழுதும் துண்டுகளான பிளாக் எட்டுக்கு 280 பிழை வரை இருக்கலாம் என்பது டிவிடியின் வரம்பு. நல்ல டிஸ்கில் எழுதிய அன்று இது பத்து, இருபது என்று நிற்கும். மட்டமானது பிறக்கும்போதே இருநூறைத் தொட்டுக்கொண்டு இருக்கும். இரண்டுமே திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு வருஷ ஈரத்தில் ஒன்று ஐம்பதுக்குப் போகும், மற்றது வரம்பைத் தாண்டும். தாண்டிய நிமிடத்தில் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்காது, ஒரேயடியாக உடைந்துவிடும்.

டப்பா மேல் இருக்கும் பெயர் பெரும்பாலும் விற்பவரின் பெயர். தயாரித்தவர் யார் என்பது டிஸ்கின் உள்ளேயே சங்கேதமாக எழுதியிருக்கும். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளில் வெறும் டிஸ்கைப் போட்டால் வலது பக்கம் காட்டும். எம்சிசி என்று தொடங்கினால் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலின் சங்கேதம், 2019இல் அவர்கள் இந்தத் தொழிலை விற்றுவிட்டார்கள். டிஒய்ஜி என்றால் தையோ யூடன். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், 2015இல் அவர்கள் இந்தத் தொழிலை விட்டுவிட்டார்கள். எம்பிஐ நம்ம ஊர் மோசர் பேயர், அதுவும் இப்போது மூடிவிட்டது. சிஎம்சி, ரைடெக் இரண்டும் தைவான். ஒரே பெயரில் வரும் டப்பாவில் இந்த மாதம் ஒருவர் சரக்கு, அடுத்த மாதம் வேறொருவர் சரக்கு. என் மதுரை டப்பாவில் மிச்சமிருந்ததைப் பார்த்தபோது மேலே பாதிக்கு ஒரு சங்கேதம், கீழே பாதிக்கு இன்னொன்று.

இது தெரிந்தே ஆக வேண்டியதற்கு இன்னொரு காரணம் ரைட்டர். எந்தச் சங்கேதத்துக்கு லேசரை எவ்வளவு சூட்டில், எந்தத் தாளத்தில் அடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் ரைட்டரின் உள்ளே இருக்கும். பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால் குத்துமதிப்பாக எழுதும். ஆகவே "எந்த டிஸ்க் நல்ல டிஸ்க்" என்று தனியாக ஒரு கேள்வி கிடையாது. உங்கள் ரைட்டரில் எது நன்றாக வருகிறது என்பதுதான் கேள்வி. முதலில் பத்துப் பீஸ் வாங்கி, எழுதி, பிழை எண்ணும் மென்பொருளில் விளிம்பு வரை ஓட்டிப் பாருங்கள். எல்லா ரைட்டரும் அந்தக் கணக்கைக் காட்டாது. காட்டாவிட்டால் வேறொரு கம்ப்யூட்டரின் டிரைவில் முழு டிஸ்கையும் ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி எடுங்கள். கடைசி ஜிபியில் வேகம் தொங்கினால் அந்தச் சரக்கு வேண்டாம். திருப்தி என்றால் அதே தொகுப்பில் நூறு வாங்குங்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு வருவோம். இருபது காப்பியையும் திரும்ப வாங்கிப் பார்த்தேன். துபாய்க்குப் போயிருந்த ஒன்று மட்டும், ஏசி அறையில் உறையோடு இருந்ததாலோ என்னவோ, மற்றவற்றைவிடப் பதினோரு நிமிடம் கூடுதலாக ஓடியது. வாப்பா கையேந்துகிற வரை கிடைத்தது, பெண்ணை அனுப்புவது கிடைக்கவில்லை. வாங்கிய 12,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் பாதியைத் திருப்பி என் பையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

16எக்ஸில் எழுதுவது

எக்ஸ் என்பது எழுதும் வேகத்தின் மடங்கு. முழு டிவிடியை 8எக்ஸில் எழுத ஏறக்குறைய எட்டு நிமிடம். 16எக்ஸில் ஐந்தரை, ஆறு. ஏனென்றால் 16 என்பது வெளி விளிம்பில்தான் வரும். உள்ளே ஆறு ஏழில்தான் தொடங்கும். இரண்டு நிமிடத்துக்காக, டிஸ்கின் பலவீனமான இடத்தில் அதிக வேகத்தில் அடிக்கிறீர்கள். அதற்காக "மெதுவாக எழுதினால் ரொம்ப நல்லது" என்று 1எக்ஸைத் தேடவும் வேண்டாம். 16எக்ஸ் டிஸ்கின் சாயம் வேகத்துக்கென்று செய்தது. 8எக்ஸ் போதும்.

4.7 ஜிபி இருக்கிறதே என்று நிரப்புவது

அது ஆயிரத்தால் பெருக்கிய கணக்கு. 1024ஆல் பெருக்கும் விண்டோஸ் கணக்கில் 4.38தான். நான் 4.1க்கு மேல் போவதில்லை. விளிம்பைத் தொடாமல் விட்டால் பாதி வியாதி வராது.

ஃபைனலைஸ் செய்யாமல் கொடுப்பது

ஃபைனலைஸ் என்பது எழுதி முடித்த டிஸ்கை மற்ற ப்ளேயரும் படிக்கும்படி மூடி வைப்பது. செய்யாவிட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும், அவர்கள் வீட்டில் ஓடாது.

ரீரைட்டபிள் டிஸ்கில் டெலிவரி

கூடாது. கோர்ட்டுக்கு என்றால் கூடவே கூடாது. அழித்து எழுதக்கூடியதைக் கொடுத்துவிட்டு எதிர்க்கட்சி வக்கீலிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

டபுள் லேயர்

ஒரே டிஸ்கில் எழுதும் படலம் இரண்டு அடுக்கு, 8.5 ஜிபி. விலைக்கும் தொல்லைக்கும் இரண்டு சாதா டிஸ்க் மேல்.

மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர்

ஒட்டிக் கொடுத்தால் பார்க்க அழகு. ஈரத்தில் காகிதம் உப்பும், ஒரு பக்கம் இழுக்கும், தட்டு லேசாக வளையும், சுற்றும்போது ஆடும். உரித்தாலோ சிடியில் வெள்ளிப் பூச்சும் கூடவே வந்துவிடும். சிடியில் தகவல் இருப்பது லேபிளுக்கு நேர் அடியில், மேலே மெல்லிய வார்னிஷ் மட்டும். படம் வேண்டும் என்றால் பிரிண்டபிள் டிஸ்க் வாங்கி, டிஸ்க் வைக்கும் தட்டு உள்ள இங்க்ஜெட் பிரிண்டரில் அடியுங்கள்.

எந்த ரைட்டர் என்று விலையை மட்டும் பார்ப்பது

பையன் வாங்கியது போன்ற குட்டி ரைட்டர், மாதம் இரண்டு சிடி எழுதும் வக்கீல் ஆபீசுக்குச் சரி. யுஎஸ்பி போர்ட் கொடுக்கும் கரண்டை மட்டும் நம்பி ஓடுவது அது. ஹப் வழியாக மாட்டினால் எழுதும்போது மூச்சு வாங்கும். நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள், சார்ஜரையும் போட்டு வையுங்கள். தினமும் எழுதுகிறவர்கள் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் பழைய பெரிய சைஸ் ரைட்டரை, தனி அடாப்டர் உள்ள பெட்டியில் போட்டு யுபிஎஸ் வழியாக ஓட்டுங்கள்.

சேமித்து வைப்பதற்குத்தான் என்றால் டிவிடியை விட்டுவிட்டு ப்ளூரே ரைட்டர் வாங்கும்படி பையனிடம் சொன்னேன். டிஸ்குக்கு 25 ஜிபி. எடிட் செய்த படமும் போட்டோவும் அடங்கும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. சாதாரண பிடி ஆர், அதாவது ஒரு தடவை எழுதும் ப்ளூரே டிஸ்கில் எழுதும் படலம் உலோகம் சார்ந்தது. எல்டிஎச் என்று டப்பாவில் சின்ன எழுத்தில் போட்டிருந்தால் டிவிடியைப் போலவே சாயம், அதைத் தொடாதீர்கள். சோனி 2025 பிப்ரவரியோடு ப்ளூரே பிளாங்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே "பழைய ஸ்டாக், பாதி விலை" என்று வருவது இனி அதிகமாகும். எழுதாத டிஸ்கும் கிழடு தட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கடை முகப்பில் அடுக்குவது

வெயில் சாயத்தைத் தின்னும். அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகம் 2003இல் கொடுத்த கையேட்டில் 4 முதல் 20 டிகிரி சூடு, 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்று இருக்கிறது. உச்சிப்புளியில் அதற்கு நான் எங்கே போவது? மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், வீட்டின் உள்ளறை பீரோ. ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலத்தை மாற்றுவேன். ஏசி அறையிலிருந்து எடுத்த டிஸ்கை உடனே ரைட்டரில் போட மாட்டேன், பனி பூத்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்றை எடுத்து முழுதாக வாசித்துப் பார்ப்பேன்.

பால் பாயிண்ட் பேனா

வேண்டாம். தண்ணீர் மை மார்க்கரால், நடுவில் உள்ள தெளிந்த வளையத்தில் மட்டும் எழுதுங்கள்: தேதி, தயாரிப்பாளர் சங்கேதம், எந்த ரைட்டர். பையனுக்கு அன்றைக்கே ஒரு மார்க்கர் கொடுத்தேன். அவன் டப்பாவிலிருந்து மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று உருவிப் போட்டோம். மூன்று சங்கேதம் வந்தது. டப்பாவைத் திருப்பி அனுப்பக் கடைசித் தேதி மறுநாள்.