தனியாகச் சாப்பிட வருபவரிடம் உணவக ஊழியர்கள் செய்யக் கூடாத தவறுகள்

"ஒருத்தர் மட்டும்தானா?" வாசலிலேயே இப்படிக் கேட்பதுதான் முதல் தவறு. கேட்கும் ஊழியர் டேபிள் பார்ப்பதற்காகத்தான் கேட்கிறார், மனதில் வேறொன்றும் இல்லை. ஆனால் பத்துப் பேர் முன்னால் அந்தக் கேள்வி விழும்போது வந்தவருக்குச் சங்கடமாகிவிடுகிறது. "வாங்க, எங்கே உட்காருறீங்க?" என்றால் போதும். கூட யாராவது வருவதாக இருந்தால் அவரே சொல்லிவிடுவார்.

அடுத்தது இடம். நல்ல டேபிள்கள் காலியாக இருக்கும்போதே கழிவறைப் பக்கமோ, சமையலறைக் கதவு வந்து இடிக்கிற மூலையிலோ உட்கார வைப்பார்கள். இரண்டு பேர் டேபிளை ஒருவர் பிடித்துக்கொண்டால் ஓர் இருக்கை வீண் என்பது கணக்கு. அது பாதிக் கணக்குதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஷெரில் கைம்ஸ் 1990களின் இறுதியில் எழுதிய ஆய்வுகள் மூலம் பரவலான அளவுகோல், ஓர் இருக்கை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஈட்டுகிறது என்று பார்க்கிறது. நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், அரட்டை இல்லாமல் சாப்பிட்டுச் சீக்கிரம் எழுந்துவிடும் தனி ஆள் அப்படியொன்றும் நஷ்டமில்லை. கூட்ட நேரத்தில் சின்ன டேபிள் தருவது நியாயம்தான். ஆளே இல்லாத நேரத்திலும் மூலைக்கு அனுப்புவதற்குக் காரணமே கிடையாது.

காத்திருக்க வைப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. காத்திருப்பின் உளவியல் பற்றி மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரையில், கூட்டமாகக் காத்திருப்பதைவிடத் தனியாகக் காத்திருப்பது நீளமாகத் தோன்றும் என்கிறார். இருவர் வந்தால் பேச்சில் நேரம் போய்விடும். தனியாக இருப்பவர் தன்னைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வந்த குடும்பத்துக்கு முதலில் பரிமாறியதும் அவர் கண்ணில் படும். எனவே தண்ணீரும் மெனுவும் உடனே போக வேண்டும். தாமதமானால், "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்" என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சிலர் இதற்கு நேர்மாறாக, கேட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் கொண்டுவந்து பரப்பிவிட்டு, கடைசி வாய் இறங்குவதற்குள் பில்லையும் வைத்துவிடுவார்கள். அதுவும் விரட்டுவதுதான்.

பலர் யோசிக்காத ஒன்று உண்டு. தனியாக வந்தவர் கை கழுவவோ கழிவறைக்கோ எழுந்தால், டேபிளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. திரும்பி வருவதற்குள் பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துத் துடைத்திருப்பார்கள், அல்லது அங்கே வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அதனாலேயே பலர் பையைத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுப் போவதா என்று தயங்கி, எழாமலே உட்கார்ந்திருப்பார்கள். அவர் எழும்போது, "நான் பார்த்துக்கிறேன், போய்ட்டு வாங்க" என்று ஊழியர் சொன்னால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். டேபிள் துடைப்பவரிடமும் அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

அப்புறம், பரிதாபம். துணைக்கு இருப்பதாக நினைத்து அருகில் நின்று பேச்சுக் கொடுப்பது, அடிக்கடி வந்து "எல்லாம் ஓகேவா?" என்று கேட்பது, இதெல்லாம் அன்பினால்தான். ஆனால் அவர் நிம்மதியாகச் சாப்பிடத்தான் வந்திருக்கிறார். புத்தகமோ போனோ கையில் இருந்தால் விட்டுவிடலாம், நிமிர்ந்து பார்த்துச் சிரித்தால் இரண்டு வார்த்தை பேசலாம். எதிர் நாற்காலி காலி என்பதற்காக, அவரைக் கேட்காமல் அறிமுகமில்லாத ஒருவரை அங்கே உட்கார வைக்கவும் கூடாது.

தங்கும் விடுதிகளில் உள்ள உணவகங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பில்லில் எழுதுவதற்காக அறை எண்ணைச் சத்தமாகக் கேட்பதும், அதை உரக்கத் திருப்பிச் சொல்வதும் ஆபத்து. தனியாகத் தங்கியிருக்கும் பெண்ணின் அறை எண் பக்கத்து டேபிளுக்குக் கேட்கவே கூடாது. பில்லையும் பேனாவையும் கொடுத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள்.