புதுப் பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால்

புது நாட்டில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சீருடை, பேருந்து, பாடநேரம் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிடுகிறோம். நிறத்தையோ பெயரையோ பேச்சையோ வைத்து யாராவது கேலி செய்தால் என்ன செய்வது என்று மட்டும் பிள்ளையிடம் பேசிவைப்பதில்லை. "அப்படி யாராவது சொன்னால் அது உன் தப்பு இல்லை, எங்களிடம் வந்து சொல்" என்று முதல் நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் விவரித்துப் பயமுறுத்த வேண்டாம்.

பல பிள்ளைகள் நடந்ததை நேராகச் சொல்ல மாட்டார்கள். காலையில் வயிற்றுவலி வரும், பள்ளிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போவார்கள், முகத்தை அளவுக்கு மீறித் தேய்த்துக் கழுவுவார்கள். வகுப்பில் பேசாமல் இருப்பது மட்டும் அபாய அறிகுறி இல்லை. புது மொழிக்குள் நுழையும் குழந்தை சில மாதங்கள்கூடக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

பிள்ளை வாய் திறந்து சொல்லும் அந்த நேரம்தான் முக்கியம். "கண்டுகொள்ளாதே", "நன்றாகப் படித்துக் காட்டு", "வந்த இடத்தில் நாம்தான் அனுசரித்துப் போகணும்" என்றெல்லாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். சொல்லிப் பயனில்லை என்றுதான் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும். அடுத்த முறை சொல்லாது. அதனால் குறுக்கிடாமல் முழுதாகக் கேளுங்கள். அப்புறம் தேதி, இடம், சொல்லப்பட்ட சொற்கள், அருகில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்து, வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'சின்னச் சண்டை' என்று மழுப்பாமல், நிறத்தை வைத்து இழிவாகப் பேசினார்கள் என்றே எழுதுங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். ஆசிரியர் அசையவில்லை என்றால் தலைமையாசிரியர், அதற்கும் மேலே பள்ளியின் முறைப்பாட்டு வழி. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் ஆஸ்திரேலியாவின் 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டமும் தோல் நிறத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. எனவே நீங்கள் கேட்பது சலுகை இல்லை. ஆனால் கேலி செய்த பிள்ளையை வாசலில் நிறுத்தி நீங்களே அதட்டப் போகாதீர்கள். பேச்சு உங்கள் மேல் திரும்பிவிடும்.

முறைப்பாடு கேலியை நிறுத்தலாம், கூடவே ஒரு நட்பும் வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் நண்பர்களாகிவிடுவதில்லை. சம நிலையில், ஒரே குறிக்கோளுக்காக, பெரியவர்களின் ஆதரவோடு சேர்ந்து வேலை செய்யும்போதுதான் வெறுப்பு குறையும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்தபோது மோதல்கள் எழுந்தன. உளவியலாளர் எலியட் அரான்சன் குழுவினர் பாடத்தைத் துண்டுகளாக்கி, சிறு குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது. கேலி செய்துகொண்டிருந்தவர்களே காதுகொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் பிள்ளையைச் சிறு குழு வேலையிலும், அதற்குப் பிடித்த விளையாட்டு அல்லது இசைக் குழுவிலும் சேர்க்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். பத்துப் பேர் தேவையில்லை, ஒரு நண்பர் கிடைத்தாலே பள்ளி வேறு இடமாகிவிடும்.

அந்த நண்பர் வீட்டுக்கு வரும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினக் குழந்தையைக் கண்டு தயங்குவதும், தமிழ்க் குழந்தை என்றால் "எந்த ஊர், என்ன ஆட்கள்" என்று துருவுவதும் நம்மிடையே நடக்கிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் பிள்ளை இன்னொரு பிள்ளையை நிறம் சொல்லி இழிவுபடுத்தியதாக ஒருநாள் பள்ளி நம்மை அழைக்கவும் கூடும். அப்போதும் நடந்ததை முழுதாகக் கேளுங்கள், பிள்ளையை மன்னிப்புக் கேட்க வையுங்கள், அந்தச் சொல்லை அது எங்கே கற்றது என்று விசாரியுங்கள்.