தொழில்முறை டார்ட்ஸ் வீரராக விரும்புவோருக்கு

வட்டப் பலகையில் சிறு அம்புகளை எறியும் ஆட்டமான டார்ட்ஸை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது, அது மாதச் சம்பளம் தரும் வேலை அன்று என்பதே. வருமானத்துக்கு அடிப்படை பரிசுத்தொகை. தரவரிசைக்கும் அதுவே அடிப்படை. பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பி.டி.சி. (தொழில்முறை டார்ட்ஸ் கழகம்) அமைப்பின் முதன்மைத் தரவரிசையில், கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவர் வென்ற பவுண்டுகளின் கூட்டுத்தொகைதான் அவருடைய இடத்தைத் தீர்மானிக்கிறது.

வீட்டில் பலகையை மாட்டும்போதே அளவுகளைச் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள். பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எறியும் கோடு 2.37 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். இந்தத் தொலைவைச் சுவரிலிருந்து அளந்துவிடுவது பலர் செய்யும் பிழை. பலகையின் முகப்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்தே அளக்க வேண்டும். டார்ட்டின் எடை பெரும்பாலோருக்கு 20 முதல் 26 கிராமுக்குள் அமைகிறது. கைக்கு ஒத்துவரும் எடை கிடைத்தபின், ஒரு மோசமான வாரத்துக்காக அதை மாற்றாதீர்கள்.

புதியவர்கள் ட்ரிபிள் 20-ஐயே (எண்ணை மும்மடங்காக்கும் உள்வளையத்தில் 20-க்குரிய கட்டம்) குறிவைத்து, மூன்று டார்ட்டில் 180 எடுப்பதில்தான் மணிக்கணக்கில் மூழ்குகிறார்கள். ஆனால் 501 புள்ளிகளிலிருந்து கழித்துச் சரியாகப் பூஜ்யத்தை எட்ட வேண்டிய 501 ஆட்டத்தை, எண்ணை இரட்டிப்பாக்கும் டபுளில்தான் முடிக்க முடியும்; பலகையின் விளிம்பில் இருக்கும் அந்த மெல்லிய வளையத்தில்தான் பரிசுப்பணம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியையாவது டபுள்களுக்கு ஒதுக்குங்கள். டபுள் 16 ஏன் பலருக்குப் பிடிக்கிறது என்பதைக் கவனியுங்கள்: 32 மீதமிருக்கும்போது குறி சற்று உட்பக்கம் தவறி வெறும் 16-இல் விழுந்தால் டபுள் 8 கிடைக்கிறது, அதுவும் அப்படியே தவறினால் டபுள் 4, பிறகு டபுள் 2, டபுள் 1 என்று வழி திறந்தே இருக்கிறது. டபுள் 20-இல் அதே போலத் தவறினால் 40, 20, 10 என்று இறங்கி 5 என்ற ஒற்றைப்படை எண்ணில் நின்றுவிடுவீர்கள். அதைச் சரிசெய்யவே ஒரு டார்ட் செலவாகும்.

கணக்கும் கையோடு சேர்ந்தே ஓட வேண்டும். 81 மீதமிருந்தால் ட்ரிபிள் 19, டபுள் 12 என்று முடிக்கலாம். முதல் டார்ட் வெறும் 19-இல் விழுந்துவிட்டால் மீதம் 62. உடனே ட்ரிபிள் 10, டபுள் 16 என்று கை தயங்காமல் நகர வேண்டும். கோட்டில் நின்றுகொண்டு கூட்டிக் கழித்தால் எறியும் தாளம் குலைந்துவிடும். 170-க்குக் கீழே உள்ள முடிப்புகள் அனைத்தையும், 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகியவற்றை மூன்று டார்ட்டில் முடிக்கவே முடியாது என்பதையும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள்.

மூன்று டார்ட்டுக்கு எடுக்கும் சராசரிப் புள்ளி போட்டிகளில் 90-ஐ ஒட்டி நிலைத்தபின் கியூ ஸ்கூல் எனப்படும் தகுதிச்சுற்றை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் அதில் வெல்வோருக்கு, பி.டி.சி. போட்டித் தொடரில் ஆடும் உரிமையான, 128 பேருக்கு மட்டுமே உரிய டூர் கார்டு இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. தவறியவர்கள் அடுத்த நிலைப் போட்டித் தொடரான சேலஞ்ச் டூரிலும், இளையவர்கள் தமக்கான டெவலப்மென்ட் டூரிலும் ஆடி மீண்டும் முயலலாம்.

கார்டு கிடைத்ததும் பார்க்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். 2025 ஜனவரியில் லூக் லிட்லர் 17 வயதில் உலகப் பட்டமும் 5 லட்சம் பவுண்டும் வென்றது உண்மைதான். ஆனால் அதை அளவுகோலாகக் கொள்வது ஆபத்து. பதினாறு முறை உலகப் பட்டம் வென்ற ஃபில் டெய்லர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஆட்டத்தை வளர்த்தவர். முதல் பட்டத்தை 1990-இல் 29 வயதில்தான் வென்றார். பயணச் செலவும் விடுதிக் கட்டணமும் தோற்ற வாரத்திலும் உண்டு என்பதால், ஓராண்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவதே நல்லது.

டார்டைட்டிஸ் என்னும் இடரையும் அறிந்திருங்கள். டார்ட்டை விடவேண்டிய கணத்தில் விரல்கள் விட மறுக்கும். ஐந்து முறை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோவையே அது பிடித்தது; 1986-க்குப் பின் அவருக்கு உலகப் பட்டம் அமையவில்லை. அறிகுறி தெரிந்ததும் மறைக்காமல் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். எண்ணிக்கையை மறந்து, வெற்றுப் பலகையில் சில நாள் எறிந்து பாருங்கள்.

இரண்டு ஆண்டு முடிவில் தரவரிசையில் முதல் 64 பேருக்குள் இருந்தால் கார்டு நிலைக்கும். இல்லையேல் அதே ஜனவரியில் கியூ ஸ்கூல் வரிசையில் மீண்டும் நிற்க வேண்டும். அங்கே மறுபடி கார்டு வென்றாலும், பழைய பணம் கணக்கில் சேராது, பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும்.