ஏற்காட்டுக்குப் பெரிய வேனில் போகிறீர்களா?

கேரவனோ டெம்போ டிராவலரோ எடுத்துக் குடும்பத்தோடு ஏற்காடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் நீளத்தை. சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. திரும்பும்போது நீளமான வண்டி எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அதனால் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்துவிடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பாரமான வண்டியில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறி, சமயத்தில் பிடிக்காமல் போய்விடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள், இன்ஜினே வேகத்தை அடக்கும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கும் புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம்! கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வண்டியில் அடுப்பு இருந்தால் கிளம்பும் முன் சிலிண்டர் வால்வை மூடுங்கள். பிள்ளைகளுக்குச் சேலத்தில் இரண்டு இட்லி போதும், வயிறு முட்டக் கொடுத்தால் பத்தாவது வளைவுக்குள் பிளாஸ்டிக் பை தேட வேண்டியிருக்கும். போனைப் பார்க்காமல் சாலையைப் பார்க்கச் சொன்னால் குமட்டல் குறையும்.

மேலே போனதும் வேனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயிலுக்கு உள்ளூர் வாடகை வண்டியில் போய்வருவது நல்லது. மே மாதக் கோடை விழா சமயம் என்றால் ஏரிப் பக்கம் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்; அப்போது விடியற்காலையிலேயே ஏறிவிடுங்கள்.