ஐபி போனுக்கு எண் எங்கே முடிகிறது என்று சொல்லிக்கொடுப்பது எப்படி?

இணைய வழியில் பேசும் ஐபி போனில் கடைசி இலக்கத்தையும் அழுத்திவிட்டுக் காதில் வைத்தால், சில நொடி ஒன்றுமே கேட்காது. போன் பழுதில்லை. இன்னும் ஏதாவது அழுத்துவீர்களோ என்று காத்திருக்கிறது.

பழைய லேண்ட்லைனில் அழுத்த அழுத்த ஒவ்வொரு இலக்கமும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடும். எண் எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியும். சிப் (SIP) என்ற இணைய அழைப்பு முறையில் ஓடும் ஐபி போன் இலக்கங்களைத் தன்னிடமே சேர்த்துவைத்து, முழு எண்ணையும் 'இன்வைட்' என்ற ஒரே செய்தியில், அழைப்பை இணைத்துவிடும் சர்வருக்கு அனுப்பும். எப்போது அனுப்பலாம் என்று அதற்குச் சொல்வதுதான் டயல் பிளான்.

முதலில் போனின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்து, 'டயல் பிளான்' அல்லது 'டிஜிட் மேப்' என்ற கட்டத்தைத் தேடுங்கள். பல போன்கள் அமெரிக்க எண்களுக்கான பிளானோடு வரும், அதை எடுத்துவிடுங்கள். பிளானில் எக்ஸ் என்ற எழுத்து ஏதாவது ஓர் இலக்கம், [6-9] என்பது அந்த நான்கில் ஒன்று, | என்பது 'அல்லது'. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அவசர எண்கள்: 112|100|101|108|1098. மற்ற எதற்கும் முன்னால் இவற்றை யோசியுங்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் எக்ஸ்டென்ஷன்கள் (அலுவலகத்துக்குள் பேசும் எண்கள்) 100 முதல் 199 வரை இருந்தன. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழுத்தினால், 109 ஆனதுமே அக்கவுண்ட்ஸ் மேசையில் மணி அடித்தது. 8-ஐ அழுத்த நேரமே இல்லை. 108 அழுத்தினால் ஆம்புலன்ஸுக்குப் பதில் ஸ்டோர் ரூம். எக்ஸ்டென்ஷனை ஒருபோதும் 1-ல் தொடங்காதீர்கள். 5 என்று வைத்து இரண்டு எக்ஸ் போடுங்கள், போதும்.

அப்புறம் வெளி எண்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். இது நமக்கு வசதி. எஸ்டிடி எண்ணும் 0 சேர்த்து 11 இலக்கம், மொபைலும் 11. ஆகவே 0[1-9], அதன்பின் ஒன்பது எக்ஸ். இந்த ஒரே வரி இரண்டுக்கும் போதும். சென்னை உள்ளூர் எண்களுக்கு [23467], அதன்பின் ஏழு எக்ஸ்.

வெளிநாட்டு அழைப்புதான் சிக்கல். 00-க்குப் பிறகு எத்தனை இலக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் 00, எக்ஸ், புள்ளி (எத்தனை இலக்கமும் வரலாம் என்று பொருள்) என்று போட்டு, முடிவை டைமருக்கு விட்டுவிடுங்கள். சிஸ்கோ எஸ்பிஏ வகை போன்களில் எண் முழுமையாகாவிட்டால் 10 நொடியும், முழுமையாகி இன்னும் நீளக்கூடும் என்றால் 3 நொடியும் காத்திருக்கும்படி அமைத்திருப்பார்கள். 3-ஐக் குறைக்காதீர்கள், விசிட்டிங் கார்டைப் பார்த்துப் பார்த்து அழுத்துபவருக்கு அது வேண்டும். அவசரமென்றால், பெரும்பாலான போன்களில் கடைசியில் # அழுத்தினால் உடனே போய்விடும்.

சரி, சேமித்துவிட்டுச் சோதியுங்கள். அவசர எண்களை நிஜமாகவே அழைத்துவிட வேண்டாம். வெளி லைனைக் கழற்றிவிட்டு 1098 அழுத்துங்கள். சர்வர் லாகில் (அழைப்புகளின் பதிவில்) நான்கு இலக்கமும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். லைனைத் திரும்பச் செருக மறக்காதீர்கள்.